குனிந்தவனைச் சுடாதே

எங்கள் தோட்டத்துக்கு வந்த தனிப்படைக்கு மரம் வெட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். மரம் வெட்டுவது என்றால் கோடாலியால் சாய்ப்பது இல்லை. ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்குத் தோட்டத்தில் அதுதான் பேச்சு. கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரிந்த பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் என் முன்னால் குந்தி உட்கார்ந்து கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரு வாரம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில், ஜொகூரில், குளுவாங்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் நடுவே, காட்டை ஒட்டி எங்கள் தோட்டம். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். போக மறுத்தவர்களில் சிலர் காட்டுக்குள் போய்க் கொள்ளைக்கூட்டத்தில் சேர்ந்தார்கள். எல்லா இனத்தாரும் அதில் இருந்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைச்சலில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, ஸ்டோர் வாசலில் அரிசி வண்டி நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். ஏழு பேர் நடந்து வந்தார்கள். ஓடிக்கூட வரவில்லை. ஒருவன் கிராணியிடம் பணப்பெட்டிச் சாவியைக் கேட்டான். கணக்கு எழுதுகிற மனுஷன், சாவி துரையிடம் இருக்கிறது என்று உண்மையைத்தான் சொன்னார். அவர் கையை மேசைமேல் இழுத்து வைத்துப் பாராங்கத்தியால் ஒரே போடு. கை தனியாக விழுந்தது. அவர் அலறி முடிப்பதற்குள் அடுத்த வெட்டு கழுத்தில். காவல்காரருக்கு வயிற்றில் குண்டு. வெயில் சாயும்வரை தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுச் செத்தார்.

தோளில் மூட்டையோடு நின்ற என் வீட்டுக்காரரைக் கூட்டத்தலைவன் ஏற இறங்கப் பார்த்தான். "இவன் நல்லாத் தூக்குறான், வரட்டும்" என்று மலாயில் சொன்னான். முதுகில் துப்பாக்கியை வைத்தார்கள். நான் வாய்க்காரி என்று எங்கள் வரிசைவீட்டு லயத்தில் பெயரெடுத்தவள். அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினேன். துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே ஒன்று விட்டான். இரண்டு பல் மண்ணில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "வாளிய கவுத்து வை, மழை வரும்" என்றார். ஒரு பெண்டாட்டியை விட்டுப் போகிறவன் சொல்கிற சொல்லா அது? ஆனால் அவர் அப்படித்தான். ஒரு சொட்டுப் பால் வீணானால் அவருக்குத் தாங்காது. அடுத்தவன் நிரையில், அவனுக்கு ஒதுக்கிய மரவரிசையில், கோப்பை சாய்ந்து கிடந்தாலும் குனிந்து எடுத்துப் பால் சொட்டும் பீலிக்கு அடியில் வைக்காமல் நகரமாட்டார். இதற்காக நான் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. மரத்தையே கட்டியிருக்கலாமே என்பேன்.

முதலில் போலீஸ் வந்தது. பூட்சும் விசிலுமாகக் காட்டுக்குள் போய், அட்டைக்கடியோடு திரும்பி வந்தது. அவர்கள் வருகிற சத்தம் கூட்டத்துக்கு ஒரு மைல் முன்பே கேட்டிருக்கும். அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரைக் கொன்று சாலை ஓரத்து மரத்தில் கட்டிப்போட்டார்கள். ஈ மொய்த்த பிறகுதான் ஆள் போய் அவிழ்த்தது.

அப்புறம்தான் தனிப்படை வந்தது. உடுப்பு இல்லை, கொடி இல்லை. மரக்கட்டை ஏற்றும் லாரியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். ஒரு வெள்ளைக்கார கேப்டன், அதிகம் பேசமாட்டார். தமிழ் பேசுகிற சார்ஜன் ஒருவர் இருந்தார். தகப்பனார் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்து ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை போட்டவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மெதுவாகப் பேசுவார். கண்ணைப் பார்த்துப் பேசுவார்.

அந்த மெதுவான மனுஷன் என்ன செய்வார் என்பதை மூன்றாம் நாள் பார்த்தேன். எங்கள் லயத்திலேயே ஒருவன் கூட்டத்துக்கு உப்பும் புகையிலையும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தான். அவனை ஸ்டோருக்குப் பின்னால் பிடித்து, பால் கட்டுகிற தொட்டித் தண்ணீரில் தலையை முக்கினார்கள். எடுத்தார்கள், கேட்டார்கள், மறுபடி முக்கினார்கள். அவன் கால் தரையில் உதைத்துக்கொண்டது. நான் வாளி கழுவ வந்தவள், கை கட்டி நின்று பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. என் புருஷன் எங்கே என்று அவனுக்குத் தெரியும் என்பதுதான் மனசில் ஓடியது. நாலாவது தடவை அவன் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருந்தார். அவரை மூட்டை தூக்க வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னான். கூட்டம் சாலையோரக் கடைகளில் கொள்ளையடித்துவிட்டு, விடிகிற நேரத்தில் எங்கள் தோட்டத்து ஓரமாகத்தான் காட்டுக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்கள் இருப்பார்கள். தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள், பார்த்தாலும் சொல்லமாட்டார்கள். அதனால் கூட்டத்துக்கு அந்த வழி பயமில்லாத வழி.

கேப்டன் அதைக் கேட்டதும் போட்ட திட்டம்தான் என்னை இதற்குள் இழுத்தது. காட்டில் போய்த் தேடவேண்டாம், அந்த நிரையில் மரம் வெட்டுகிறவர்களாகவே நாம் நிற்போம் என்றார். அது என் நிரை. காட்டோரமாக ஓடும் பள்ளத்தைத் தாண்ட அங்கே ஒரு மரக்கட்டையைப் பாலமாகப் போட்டிருந்தது, பாதை அதன்மேல்தான்.

அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த கதையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், வரக்கூடாதுதான். முதல் நாள் அத்தனை பேரும் ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தினார்கள். மண்டோர் தன் பிள்ளையை அடித்தமாதிரி தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டுத்தான் சீவவேண்டும் என்று நூறு தடவை சொன்னேன். பட்டாளத்துக்காரனுக்குச் சுடத் தெரியும், உரிக்கத் தெரியாது. "அலமாக், இது துப்பாக்கியவிடக் கஷ்டம் லா" என்று ஒருவன் கத்தியைக் கீழே போட்டான். "எடுடா கத்திய" என்றேன். எடுத்தான்.

அவர்கள் காலைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. பூட்ஸ் போட்டுப் போட்டு வெளுத்துக் கிடந்தது. அட்டைக்கடித் தழும்பு ஒன்று இல்லை. சேற்றையும் பாலையும் குழைத்துக் கணுக்கால்வரை பூசச் சொன்னேன். லயத்தில் வீடுவீடாகப் போய்ப் பால் கறை பிடித்த பழைய சட்டைகளை வாங்கி வந்தேன். அந்த நாற்றம் இல்லாதவன் தோட்டத்து ஆள் இல்லை. பாய்க்கு என் வீட்டுக்காரர் சட்டை சரியாக இருந்தது. பின்னால் இருந்து பார்த்தபோது அவர்தான் என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பாய்க்கும் அது தெரிந்திருக்கவேண்டும், அதற்குப் பிறகு என் முன்னால் முதுகு காட்டாமல் நடந்துகொண்டார்.

அவர்தான் வந்து சொன்னார்.

"தங்கச்சி, கோபப்படாதீங்க. அந்தப் பாதையில வர்றவன் ஒருத்தனும் தப்பக்கூடாதுன்னு உத்தரவு. உங்க வீட்டுக்காரரும் அதுல வருவாரு."

"வரட்டும். நான்தான் அங்க நிப்பேனே, கை காட்டுறேன்."

"கை காட்டினா அவனுங்க பாத்துடுவானுங்க. அந்த வெளிச்சத்துல மூஞ்சி தெரியாது, எல்லாரும் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வருவானுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். நாங்க நின்னு பாத்துச் சுட முடியாது."

"அப்ப என் புருஷனைக் கொல்லத்தான் உங்களுக்கு மரம் வெட்டக் கத்துக் குடுத்தேனா?"

மறுநாள் காலையில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது என் கோப்பை ஒன்று கம்பியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பால் தரையில் சொட்டியது. நான் யோசிக்கவே இல்லை, கை தானாகக் குனிந்து எடுத்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அந்தக் கட்டைப் பாலத்தைத் தாண்டும் இடத்தில் பாதையோரம் மூன்று மரங்கள். அந்த மூன்றையும் வெட்டிப் பால் ஓடவிட்டு, கோப்பையைக் கீழே தள்ளி வைப்போம். கொள்ளைக்காரன் பார்க்காமல் போவான். என் வீட்டுக்காரரால் அப்படிப் போகவே முடியாது, குனிவார். குனிகிறவரை விட்டுவிட்டு மற்றவர்களைச் சுடுங்கள்.

"வேற எவனாச்சும் குனிஞ்சா?" என்று கேட்டார்.

"கொள்ளைக்காரனுக்குப் பால் மேல என்ன பாய் அக்கறை?"

பாய் சும்மா ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. மறுநாள் ஆள் எண்ணிப் பேர் எடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போகிற வழியில் கோப்பைகளைச் சாய்த்துவைத்து, கேப்டனோடு மறைந்து நின்று பார்த்தார். முதலில் வந்த மண்டோர் குனிந்தார். நொண்டிக் காலோடு வந்த கிழவி, வலியில் முனகிக்கொண்டே குனிந்தாள். அன்றைக்கு அந்த வழி போன ஒருவர்கூடக் குனியாமல் போகவில்லை. கேப்டன் முதல்தடவையாகச் சிரித்தார். பாய் வந்து என்னிடம், "குனிஞ்சவனைச் சுட மாட்டோம். இது என் வாக்கு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணன் தம்பி இல்லாதவளுக்கு அன்றைக்கு ஒரு அண்ணன் கிடைத்தமாதிரி இருந்தது.

கூட்டம் சாலைப் பக்கம் போயிருக்கிறது என்று தகவல் வந்த மறுநாள் விடிவதற்குமுன் நிரைக்குப் போனோம். துப்பாக்கிகள் சாக்கில் சுற்றிப் பள்ளத்தோரப் பெரணிச் செடிக்கு அடியில் கிடந்தன. பெண் இல்லாத நிரை சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால் நானும் இருந்தேன். தலையைத் தூக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. நான் கத்தினால் இந்தப் பன்னிரண்டு பேரும் செத்தார்கள். என் வாய் தெரிந்துதானோ என்னவோ, பாய் அதை மூன்று தடவை சொன்னார்.

பனி இறங்கியிருந்தது. மூன்று மரத்தையும் நானே வெட்டினேன். கோப்பைகளைக் கீழே தள்ளினேன். வெள்ளையாகப் பால் ஊறிப் பீலியில் இறங்கி மண்ணில் சொட்டத் தொடங்கியது. செபமாலை சொல்லப் பார்த்தேன், வாயில் வந்தது பாதி மந்திரம்தான்.

எட்டுப் பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். நல்ல கொள்ளை போல, எல்லாரிடமும் சுமை. முதல் ஆள் துப்பாக்கியோடு மூன்று மரத்தையும் தாண்டிப் போனான். இரண்டாமவன் கால் பட்டு ஒரு கோப்பை உருண்டது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாமவன் தலையில் அரிசி மூட்டை, சாக்கைக் கொங்காணியாகப் போட்டு முகம் மூடியிருந்தது. இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்திருந்தான். மரத்துக்கு எதிரே வந்து ஒரு மூச்சு நின்றான். களைப்பு என்று நினைத்தேன். பிறகு நடந்தான்.

நாலாமவன் கையில் பாராங், தோளில் சின்ன மூட்டை. அவன் குனிந்தான். கோப்பையை எடுத்தான். உள்ளே ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான். பீலிக்கு அடியில் கம்பியில் பதமாக மாட்டினான்.

என்னவோ ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பாய் இருமினார். அதுதான் அடையாளம்.

முதல் வேட்டிலேயே முன்னால் போனவன் தலை பின்னால் சிதறியது. இரண்டாமவன் பள்ளத்தில் விழுந்து எழப் பார்த்தான். நேற்றுவரை என்னிடம் திட்டு வாங்கிய பையன்தான் மேலே ஏறி நின்று மார்பில் சுட்டான். கடைசி ஆள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே சரிந்தான், பட்டையில் ரத்தம் கோடு இழுத்தது. ஒருவன் குடல் வெளியே வந்தும் தவழ்ந்துகொண்டிருந்தான். துப்பாக்கி முனைக் கத்தியை அவன் முதுகில் இறக்கித் திருகி எடுத்தார்கள். பாய் சொன்னபடி பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.

குனிந்தவன் மட்டும் மரத்தடியில் குப்புறக் கிடந்தான். அவன்மேல் ஒரு குண்டு படவில்லை. அந்த மரத்துப் பட்டையில்கூட ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்ட படை அது. புகைக்குள் ஓடினேன். அவனைப் புரட்டி முகத்தை என் மடியில் எடுத்தேன்.

அது அவர் இல்லை.

ஏதோ ஒரு தோட்டத்துத் தமிழன். கட்டைவிரலில் கத்தி பிடித்த காய்ப்பு இருந்தது. காட்டுக்குப் போன பாதிப் பேர் மரம் வெட்டினவர்கள்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே இருந்தது! தலையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு அடி தள்ளி, கிழிந்த அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பால் வாளி விழுந்து நகம் பிளந்த பெருவிரல். அந்தக் காலை நான் எத்தனை நாள் பிடித்துவிட்டிருக்கிறேன். மூட்டையிலிருந்து அரிசி அவர் முகத்தின்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. கழுத்தில் குண்டு பட்ட இடத்தில் சிவந்து ஒட்டியது.

தலையில் மூட்டை வைத்தவன் எப்படிக் குனிவான்? நாங்கள் சோதித்துப் பார்த்தது வெறும் வாளியோடு போன ஆட்களை. நல்லாத் தூக்குகிறான் என்றுதான் அவரைப் பிடித்துப்போனார்கள். அது என் காதில் விழுந்த சொல். அதை நான் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. இரண்டு பேர் குனிந்தவனை என் மடியிலிருந்து பிடுங்கி முழங்காலில் நிறுத்தினார்கள். "வாக்கைக் காப்பாத்திட்டோம் தங்கச்சி. இவருதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் அவன் பிழைப்பான், இல்லை என்றால் சாவான். அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

"இல்ல" என்றேன். "இவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான், என் பார்வை போன பக்கமும் பார்த்தான். யார் பெண்டாட்டி என்று புரிந்துகொண்டான் போல. "அக்கா, நானா குனியல அக்கா! அண்ணன்தான் சொன்னாரு. என்னால குனிய முடியல, பால் கொட்டுது, அந்தக் கோப்பைய எடுத்து வையிப்பான்னாரு. அதான் வச்சேன். சத்தியமா அக்கா!"

பாய் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். வேண்டாம் என்று ஒரு சொல். ஏழு தலைமுறையை இழுத்து ஏசுகிற வாய் எனக்கு, அன்றைக்குத் திறக்கவில்லை. பயத்தால் இல்லை. அவர் செத்துக் கிடக்க இவன் மட்டும் எதற்கு என்று இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவன் சாகவேண்டும், அவ்வளவுதான். பாய் தலையசைத்தார். கத்தி நெஞ்சில் இறங்கியபோது அவன் "அம்மா" என்றான்.

மத்தியானமே லாரி வந்து படை போய்விட்டது. அவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கேப்டன் என் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. பாய் சட்டையைத் துவைத்துக் கொடுக்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் வெட்டுப்படவில்லை. பிள்ளைகளைப் பயமில்லாமல் வெளியே விட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்குப் பால் எடுக்கிற மணி அடித்தபோது, என்னைப் பிடித்துவைத்திருந்த பெண்களை விலக்கிவிட்டு வாளியோடு நிரைக்குப் போனேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மற்ற இரண்டு மரத்துக்கும் அடியில் மண்ணெல்லாம் வெள்ளையாகக் கட்டிக் கிடந்தது. நடு மரத்தில் அவன் மாட்டிவைத்த கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வாளியில் ஊற்றினேன். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.